மனத்தை ஆற்றும் மரப்பட்டை

சில தினங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்கு ஓர் அன்பர் வந்திருந்தார். இருபது வருஷங்களாகப் பொது ஊழியம் செய்து வருகிறவர். ஊர் ஊராகக் கூட்டம் பேசியும், இரவு இரவாக விழித்திருந்தும் உடம்பைச் சற்றே கெடுத்துக் கொண்டவர். பேசிக்கொண்டிருக்கையில் ஜிப்பாப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே விரல் நீளத்தில் ஐந்தாறு பழுப்பு நிற மரப்பட்டைத் துண்டுகள். "தூக்கம் போய் நான்கு மாதம் ஆகிறது. இதைக் கஷாயம் வைத்துச் சாப்பிட்டால் மனம் அடங்கும், தூக்கம் வரும் என்று நாட்டு மருந்துக் கடையில் கொடுத்தார்கள்" என்றார். எந்த மரத்தின் பட்டை என்று கேட்டோம். கடைக்காரர் சீனத்து வாகை என்றாராம். நம் ஊர் வாகையும் அதுவும் ஒன்றேதான் என்றும் சொன்னாராம். பக்கத்தில் நின்ற வேறொருவர், இது தூங்குமூஞ்சி மரத்தின் பட்டை, பெயரிலேயே தூக்கம் இருக்கிறதே என்றாராம்.

மூன்றும் மூன்று மரங்கள் என்பதை அன்பருக்கு எடுத்துச் சொல்ல நமக்கு அரைமணி நேரம் பிடித்தது. அவர் ஒருவருக்கு மட்டும் உரிய விஷயம் இது அன்று என்று தோன்றியதால் நேயர்களுக்கும் சொல்லத் துணிகிறோம்.

சீனத்து வாகை என்று கடைக்காரர் சொன்ன மரம் மெய்யாகவே உண்டு. பாரசீகம் தொடங்கி இமயச் சாரல் வழியாகச் சீனம், கொரியா, ஜப்பான் வரையில் வளர்வது. புளிய இலையைப் போன்ற சிற்றிலைகள். பட்டு நூலைக் கொத்தாகக் கட்டி வைத்தாற்போன்ற ரோஜா நிறப் பூக்கள். பாரசீகர் அதற்குப் பட்டுப்பூ என்று பொருள்படப் பெயரிட்டனர். 1749-ம் வருஷத்தில் பிளாரன்ஸ் நகரத்துப் பிரபுவான பிலிப்போ அல்பிஸி என்பவர் அதை இத்தாலிக்குக் கொண்டு சென்றார். அதையொட்டிப் பிற்பாடு ஐரோப்பியத் தாவர சாஸ்திரத்தில் அந்த இனம் முழுவதற்கும், நமது வாகை உட்பட, 'அல்பிஸியா' என்றே பெயர். சங்க காலத்தில் வெற்றி வேந்தர் சூடிய மலருக்கு இத்தாலியப் பிரபு ஒருவரின் குடும்பப் பெயர் வந்து சேர்ந்த கதை இது. அதற்காக நாம் கோபித்துக் கொள்ள வேண்டியதில்லை. சீனர் அம்மரத்துக்கு இட்ட பெயரோ 'ஹெ ஹுவான்'. கூடி மகிழ்தல் என்பது பொருள். அதன் பட்டை 'ஹெ ஹுவான் பி' எனப்படும்.

பொழுது சாய்ந்ததும் இம்மரத்தின் இலைகள் ஜோடி ஜோடியாகக் கை கூப்பினாற்போல் மூடிக்கொள்ளும். ஜப்பானியர் இதைத் தூங்கும் மரம் என்றே அழைக்கின்றனர். சீனத்தில் இதற்கு அந்திப்பொழுது என்று பொருள்படும் வேறொரு பெயரும் உண்டு. இரவில் சேரும் இலைகளைக் கண்டு தம்பதிகளின் ஒற்றுமைக்கு இதை அடையாளமாகக் கொண்டனர். முற்றத்தில் நட்டால் வீட்டிலுள்ளோருக்குக் கோபம் தணியும் என்று நம்பினர். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜி காங் என்னும் அறிஞர், உயிரைப் பேணுவது பற்றி எழுதிய கட்டுரையில் கோபத்தை நீக்கும் மரமாக இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அப்படி எழுதியவர் அரசாங்கத்தாரின் கோபத்துக்கு ஆளாகிக் கொலைத் தண்டனை பெற்று மாண்டார் என்பது சரித்திரத்தின் வேடிக்கை. அரசாங்கங்களின் கோபத்துக்கு எந்த மரப்பட்டையும் மருந்தாவதில்லை போலும்!

மருந்து நூல்களில் இதன் வரலாறு இன்னும் பழமையானது. சீனரின் ஆதி மருந்து நூலான 'ஷென்நோங் பென்சாவ் ஜிங்', ஏறக்குறைய ஹான் வம்சத்தார் காலத்தில் தொகுக்கப்பட்டது என்பர். அதன் மூலப்பிரதி அழிந்து, பிற்கால நூல்கள் எடுத்தாண்ட பகுதிகளிலிருந்து மீண்டும் சேர்க்கப்பட்டது. உள்ளுறுப்புகளைச் சாந்தப்படுத்தி, நெஞ்சை ஒருமுகப்படுத்தி, கவலை போக்கும் சரக்காக அந்நூல் இந்த மரத்தைச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சுன் ஸிமியாவ் என்னும் பெரிய வைத்தியர் நுரையீரலில் கட்டி பழுத்து இருமலும் உஷ்ணமுமாகத் துன்பப்படுவோருக்கு இதைக் கஷாயமாகக் கொடுத்தார். அவர் குறித்த அளவு, உள்ளங்கை அகலமுள்ள ஒரு துண்டுப் பட்டை. தராசு இல்லாத குடியானவனும் அளந்து கொள்ளக் கூடிய அளவு அது. பதினாறாம் நூற்றாண்டில் லி ஷிஜென் தொகுத்த மாபெரும் நூலில், பட்டையைக் கருக வறுத்துக் கடுகுடன் பொடித்து, படுக்கப் போகும்போது வெதுவெதுப்பான மதுவில் கலந்து கொடுத்து, எஞ்சிய சக்கையை முறிந்த எலும்பின்மேல் வைத்துக் கட்டும் முறை காணப்படுகிறது. மனப்புண், மார்பின் சீழ், எலும்பு முறிவு ஆகிய மூன்றுக்கும் ஒரே பட்டையா என்று நேயர்கள் வியக்கலாம். தேங்கி நின்றதை ஓடச் செய்வது இதன் குணம் என்பது சீன வைத்தியரின் கொள்கை. துக்கமும் கோபமும் நெஞ்சில் தேங்கி நிற்பவை என்று அவர்கள் கொண்டதால் மூன்றும் அவர்கள் கணக்கில் ஒரே வகையைச் சேர்ந்தவை.

இன்றைய சீன அரசாங்க மருந்து நூலிலும் இதற்கு இடமுண்டு. அந்நூலின் முதற்பதிப்பு 1953-ல் வந்தது. 1963-ம் வருஷப் பதிப்பில் தேசீய வைத்தியச் சரக்குகளுக்கெனத் தனிப் பாகமே ஒதுக்கப்பட்டது. நம்மைக் கவர்ந்தது இதிலுள்ள புகழுரை அன்று, விவரந்தான். கோடையிலும் அதையடுத்த இலையுதிர் பருவத்திலும் பட்டையை உரித்து வெயிலில் உலர்த்த வேண்டும். வெளிப்புறத்தில் குறுக்காக நீண்ட செம்பழுப்புப் புள்ளிகள் இருக்க வேண்டும். உட்புறம் வெளிர் மஞ்சளாய் நுண்ணிய கோடுகள் ஓடியிருக்க வேண்டும். ஒடித்தால் நாராக ஒடிய வேண்டும். வாயிலிட்டால் ருசி அதிகம் தெரியாது. சிறிது துவர்த்து, நாக்கில் லேசாகக் குத்தி, பிறகு தொண்டையில் ஓர் அசௌகரியம் உண்டாக வேண்டும். ஒரு நாளைக்குக் கஷாயமாக 6 முதல் 12 கிராம் வரை கொள்ளலாம். இதே மரத்தின் பூ வேறு சரக்கு, அதற்கு அளவும் வேறு. கருவுற்ற ஸ்திரீகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பர் வைத்தியர்.

நம் அன்பர் ஏற்கெனவே ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்திருந்தார். என்ன ருசி என்று கேட்டோம். "வேப்பங்கொழுந்துக் கசப்பு" என்றார். அப்படியானால் பொட்டலத்திலிருந்தது ஹெ ஹுவான் பட்டை அன்று என்று எண்ணவே இடமிருக்கிறது. வேறு எதுவென்று நம்மால் சொல்ல முடியவில்லை. இலையும் பூவும் இல்லாமல் உலர்ந்த பட்டையைக் கொண்டு மரத்தை அறிவது பழகினவர்களுக்கே கடினம். சீனத்திலேயே இந்தப் பட்டை என்று சொல்லி அதன் பங்காளி மரமொன்றின் பட்டையை விற்பது சந்தைகளில் காணப்படுவதுண்டு. இரண்டாயிரம் வருஷத்து ஏடும் அரசாங்க நூலும் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், இரண்டும் இல்லாத கடையில் என்ன நடக்கும்?

இந்தப் பட்டை உண்மையில் மனத்தை ஆற்றுகிறதா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தூக்கமின்மைக்கு வேறு சில மூலிகைகளுடன் சேர்த்தே இதைக் கொடுப்பது சீன வைத்தியரின் வழக்கம். இதன் வேகம் மெதுவானது, நெடுநாள் கொடுத்தாலே பலன் தெரியும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஓரிரவில் கண்ணயரச் செய்யும் என்று விற்பவனுக்குச் சீன வைத்திய நூலின் ஆதரவு இல்லை. இனி ரஸாயன சாஸ்திரிகளின் சாட்சியம். சபோனின் என்னும் நுரைக்கும் பொருள்கள் இந்தப் பட்டையில் பல வகையாக உள்ளன. 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பட்டையின் ஸத்தைக் கொடுத்த எலிகளுக்கு அச்சம் குறைந்ததற்கான அடையாளம் காணப்பட்டது. எலிக்கு அச்சம் குறைந்தது என்பது நல்ல செய்திதான். ஆயினும் எலியிடம் கண்டது மனிதனிடம் நிலைநாட்டப்பட்டதாகாது. வேலை போய், கடன் ஏறி, பிள்ளை சொல் கேளாமல் தூக்கம் இழந்த ஒருவனுக்கு அது எவ்வளவு உதவும் என்பதை மனிதரிடமே செய்து பார்த்தாக வேண்டும்.

நமது வாகைக்கு வருவோம். சாலையோரங்களில் அகலக் கிளை பரப்பி நிற்கும் இந்த மரம் தமிழ் இலக்கியத்தில் வெற்றிக்கு அடையாளம். தொல்காப்பியத்தில் அதற்கென ஒரு திணையே உண்டு. காற்றில் ஆடும் வாகை நெற்றின் ஓசையைக் கழைக்கூத்தரின் பறையொலிக்கு ஒப்பிட்ட சங்கப் புலவரும் உளர். அதே ஓசையைக் கேட்டு மேற்கிந்தியத் தீவுகளில் இதற்கு 'பெண்ணின் நாக்கு' என்று பெயரிட்டார்கள். இரண்டு பேரின் ரஸனைக்கும் உள்ள தூரத்தை நேயர்களே அளந்து கொள்ளட்டும். வைத்தியத்தில் வாகையின் கீர்த்தி வேறு விதமானது. சிரீஷம் என்ற பெயரால் இதைக் குறிக்கும் சரகர், விஷத்தை முறிக்கும் சரக்குகளில் தலையாயதாக வைத்தார். மூச்சிரைப்புக்கும் இதன் பட்டை வழங்கி வந்திருக்கிறது. மனத்தை ஆற்றுவது அதன் பழம்பெரும் தொழிலாகச் சொல்லப்படவில்லை. வாகை இலையிலுள்ள சபோனின்கள் எலிகளின் அச்சத்தைத் தணிப்பதாக நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 2001-ல் எழுதினார்கள். அது இலை, பட்டை அன்று. சீன மரத்தின் புகழை நமது மரத்தின் தலையில் ஏற்றி, நம்மிடமும் உண்டு என்று மார் தட்டுவது தேசபக்தி ஆகாது. தூங்குமூஞ்சி மரமோ தென் அமெரிக்காவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவரப்பட்டது. மாலையில் இலை மூடுவதைக் கண்டு நம் ஜனங்கள் அழகாகப் பெயரிட்டார்கள். மரம் தூங்குவதால் அதைக் குடித்தவனும் தூங்குவான் என்பது தர்க்கமாகாது.

மருந்தின் பெயர் ஒன்று மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு துயரச் சம்பவம் சாட்சி. சீனரிடம் மனத்தை ஆற்றும் பட்டை இன்னொன்றும் உண்டு. நமது செண்பகத்தின் இனத்தைச் சேர்ந்த மரம். 'ஹௌ போ' என்று பெயர். மரம் பதினைந்து இருபது வருஷம் வளர்ந்த பிறகே பட்டையை உரிப்பார்கள். அதை ஈரத்தில் குவித்து வியர்க்க விட்டு, உட்புறம் ஊதா கலந்த பழுப்பாக மாறியதும் ஆவியில் வேகவைத்து, குழலாகச் சுருட்டிக் காய வைப்பார்கள். கவலை மிகுந்தவர்களுக்குத் தொண்டையில் இறைச்சித் துண்டு அடைத்துக் கொண்டதுபோல் தோன்றும். விழுங்கினாலும் இறங்காது, காறினாலும் வராது. இந்த நோய்க்கு ஏறக்குறைய 1800 வருஷங்களுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்னும் வைத்தியர் எழுதி வைத்த கஷாயத்தில் ஹௌ போ ஒரு முக்கியச் சரக்கு. அந்தக் கஷாயத்தை ஜப்பானிலும் சீனத்திலும் இன்றும் கொடுக்கிறார்கள். தேவை பெருகிக் காட்டு மரங்களையெல்லாம் உரித்துக் கொன்றதால், சீன அரசாங்கம் அவற்றுக்குச் சட்டக் காவல் இட வேண்டியதாயிற்று.

1990-க்கும் 1992-க்கும் இடையில் பெல்ஜியம் தேசத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில், உடம்பை இளைக்கச் செய்வதற்கென்று கொடுத்த மாத்திரைகளில் இந்த ஹௌ போவும் இன்னொரு சீன மூலிகையும் சேர்க்கப்பட்டன. அந்த இரண்டாவது மூலிகையின் பெயர் 'பாங் ஜி'. அதே பெயரை ஒரு பாதியாகக் கொண்ட வேறொரு கொடி உண்டு. அது சிறுநீரகத்தை அழிக்கும் விஷம் உடையது. பெயர் ஒற்றுமையால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்து சேர்ந்தது. நூறு ஸ்திரீகளுக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு முழுவதும் செயலற்றுப் போயிற்று. பின்னர் சிலருக்குப் புற்றுநோயும் கண்டது. மரப்பட்டை மேல் குற்றமில்லை. மூட்டையின் மேல் எழுதிய பெயர் ஒன்று, மூட்டைக்குள் இருந்த செடி வேறு, குற்றம் அதில்தான். இயற்கையான மருந்து தீங்கு செய்யாது என்று சொல்லித் திரிகிறவர்கள் அந்த ஸ்திரீகளை நினைத்துக் கொள்வது நல்லது.

இதைக் கேட்டதும் நமது அன்பருக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது. "நம்முடைய வைத்தியத்தை நாமே இப்படி இழித்துப் பேசினால் மற்றவன் ஏன் மதிப்பான்?" என்று கேட்டார். நாம் இழித்துப் பேசவில்லை. நம்மவர் செய்து காட்டிய வேலை ஒன்றையே அவருக்கு நினைவூட்டினோம். சர்ப்பகந்தி என்னும் சிறு செடியின் வேரைப் பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் வடநாட்டில் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். அதன் வீரியம் பெரும்பாலும் வேர்ப்பட்டையிலேயே உள்ளது. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் ஸென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வைத்தியர், சித்தப் பிரமை கொண்டவர்களுக்கும் ரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கும் அதைக் கொடுத்துக் கண்ட பலனை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதே வருஷம் டில்லி திப்பியா கல்லூரியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி அந்த வேரிலிருந்து ஸத்துக்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் ஞாபகார்த்தமாக அஜ்மலின் என்று பெயரிட்டார். யுனானி வைத்தியராயிருந்து காங்கிரஸ் மகாசபைக்கும் தலைமை வகித்தவரின் பெயர் இன்றும் உலகத்து மருந்து நூல்களில் இருதய மருந்தொன்றின் பெயராக நிற்கிறது. 1933-ல் கர்னல் சோப்ரா இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1949-ல் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் தமது நோயாளிகளின் கணக்கைப் பிரிட்டிஷ் பத்திரிகையில் அச்சிட்டார். அதற்குப் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அதன் பிரதானமான ஸத்தாகிய ரெஸர்ப்பினை 1952-ல் பிரித்தெடுத்தவர்கள் ஸ்விட்ஜர்லாந்து தேசத்தின் பாஸல் நகரத்து மருந்துக் கம்பெனியார். ஒரு சில வருஷங்களுக்குள் அமெரிக்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் அது பரவியது. அவர்கள் திருடிவிட்டார்கள் என்று கூக்குரலிடுவது சுலபம். 1931-லிருந்து 1952 வரையில் இருபத்தொரு வருஷம் நம் கையில் இருந்தது. அதில் பதினாறு வருஷம் அந்நிய ஆட்சி இருந்தது, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க அதற்கு மனமில்லை, உண்மை. ஸென்னும் போஸும் ஸித்தீக்கியும் செய்த வேலையை இன்னும் பத்து இடங்களில் பத்துப் பேர் செய்யவில்லை என்பதும் உண்மை. பிற்பாடு அந்த மருந்து சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்குவதாகக் கண்டு உபயோகம் குறைந்தது. அந்தக் குறையைக் கண்டுபிடித்ததும் நோயாளிகளின் கணக்கை எழுதி வைத்தவர்களே. வேரோடு பிடுங்கி விற்கும் செடியாதலால் காடுகளில் அது அருகிப் போய், 1990 முதல் சர்வதேச உடன்படிக்கையின்கீழ் அதன் வெளிநாட்டு வியாபாரம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. தயாரித்து அடைத்து விற்கும் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு 1964-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் சட்டம் உண்டு. சித்த மருந்துச் சரக்குகளின் அடையாளத்தைக் கூறும் அரசாங்க நூலின் முதற்பகுதியும் 2008-ல் வெளிவந்தது. ஆனால் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பச்சைச் சரக்கிடம் இந்தச் சட்டமும் நூலும் எட்டிப் பார்ப்பதில்லை. எந்த மரம், எந்த உறுப்பு, எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்தது என்ற நான்கு விவரங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கக் கடைக்காரருக்கு எவ்வளவு செலவாகும்? பரம்பரை வைத்தியர்கள் தாம் கொடுத்ததையும் கண்டதையும், குணமானதையும் ஆகாததையும், நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வைப்பதில் என்ன கஷ்டம்? குணமாகாததை எழுதினால் கீர்த்தி குறையும் என்று பயப்படுகிறார்கள். லி ஷிஜென் முன்னோர் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டித் திருத்தினார். அதனால் சீன வைத்தியத்தின் கீர்த்தி குறைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. வாகைப் பட்டையில் விஷமுறிவைத் தவிர வேறு குணமும் உண்டா என்பதை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், தகுந்த பாதுகாப்புடன் மனிதருக்கும் கொடுத்துப் பார்க்க நம் கல்லூரிகள் முன்வர வேண்டும். உண்டு என்றால் சொல்லட்டும், இல்லை என்றால் அதையும் சொல்லட்டும்.

அரசியல் ஊழியம் செய்யும் நமது நேயர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. நான்கு மாதம் தூக்கம் இல்லாதிருப்பது வெறும் மனக்கவலை என்று எண்ணிவிடக் கூடாது. கழுத்துச் சுரப்பியின் கோளாறாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தமாகவும், மருந்து கொடுத்தால் தீரக்கூடிய மனச்சோர்வாகவும், அன்றி நள்ளிரவில் ஐந்தாவது தடவையாகக் குடிக்கும் காப்பியாகவும் இருக்கலாம். பட்டையைக் காய்ச்சுமுன் நோயை அறிய வேண்டும். நோயை மறைத்து வைப்பது தியாகத்தின் ஓர் அங்கம் என்ற எண்ணம் நம் ஊழியர்களிடம் எப்படியோ புகுந்திருக்கிறது. ஜெயிலில் அதற்குக் காரணம் இருந்தது, வீட்டில் இல்லை.

அன்பரைத் தாம்பரம் தேசீய சித்த மருத்துவ நிலையத்துக்குப் போகச் சொன்னோம். 2005-ல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் வெளிநோயாளிகளைத் தினமும் பார்க்கிறார்கள். கஷாயத்தை நிறுத்திவிட்டு, பொட்டலத்தை எறியாமல் கையோடு எடுத்துப் போகும்படியும் சொல்லியனுப்பினோம்.